அலீம் பாயின் வலது கால் நரம்பு

அது 2008. வளர்ந்த மனிதரின் ரத்தநாளச் சுவரில் தூங்கும் ஸ்டெம் செல்களை எழுப்பி, அழுகும் கால்களுக்குப் புது ரத்த ஓட்டம் தருவது என் ஆராய்ச்சி. கேட்க நன்றாக இருக்கும். ரத்தநாளம்தான் கிடைக்கவில்லை. காலில் ரத்தநாளம் புடைத்து முறுக்கிக்கொள்ளும் நரம்புச் சுருட்டலுக்கு ஆபரேஷன் செய்துகொண்ட பதினோரு பேரிடம் கெஞ்சினேன். வேண்டாமென்று வெட்டியெடுத்ததைக்கூடத் தர மறுத்தார்கள்.

கோரிப்பாளையத்தில் இருபது வருடம் நின்றே புரோட்டா போட்ட அப்துல் அலீம் பாய் மட்டும் வலது கால் நரம்பைத் தந்தார். ஒரே நிபந்தனை.

"வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துரும்மா. உடம்புல இருந்து எடுத்தத அடக்கம் பண்ணணும்."

தலையாட்டினேன். கையெழுத்து வாங்கும்போது யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

செல்கள் வளர்ந்தன. ஒரு டப்பா நான்காகி, நான்கு பதினாறாயிற்று. இரண்டாம் மாதம் பாய் வந்து நின்றார்.

"உசுரோட இருக்கு பாய். உசுரோட இருக்கிறத எப்படிப் புதைக்கிறது?" என்றேன். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

"அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து வந்து, "நல்லா இருக்கா?" என்று விசாரிப்பார். என் பிஎச்.டி. கைடுகூட அப்படி விசாரித்ததில்லை.

சித்திரையில் ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. பேட்டரியும் கைவிட்டது. செல்களை வைத்திருந்த, முப்பத்தேழு டிகிரியைத் தாண்டக் கூடாத பெட்டி மதுரை வெயிலில் வெந்தது. பதினாறு டப்பாவும் செத்தன. உட்கார்ந்து அழுதேன்.

"ஹம்சவேணி, அவருக்கு இடது காலும் அடுத்த வாரம் ஆபரேஷன்தானே? போய்க் கேள்" என்றார் கைடு. ஈவிரக்கமில்லாத மனிதர். ஆனால் அந்த நரம்பும் கிடைக்காவிட்டால் என் நான்கு வருடப் படிப்பு அம்பேல்.

செத்ததையெல்லாம் ஒரே பாட்டிலில் சேர்த்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பாய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எப்படிம்மா?"

"கரண்ட் போயிருச்சு பாய்."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. ஆனாலும் வெட்கத்தை விட்டு இடது காலைக் கேட்டேன்.

பாய் கைலியை லேசாகத் தூக்கி, புடைத்து முறுக்கியிருந்த நரம்பைப் பார்த்தார்.

"ஆபரேஷன் வேணாம்னு டாக்டர்ட்ட சொல்லப் போறேன்மா. வலிச்சாலும் பரவால்ல, இது இங்கயே இருக்கட்டும். இங்க கரண்ட் போகாது."