வால் தகட்டில் ஒரு பெயர்

குண்டுக் கிடங்கில் காலை வேலை தொடங்குமுன் வெள்ளைப் பெயின்ட் டப்பா கைமாறும். வீட்டில் யாரைப் பறிகொடுத்தார்களோ, அவர்கள் பெயரைக் குண்டின் வால் தகட்டில் எழுதி விமானத்துக்கு அனுப்புவது அங்கே வழக்கமாகிவிட்டது. அன்று டப்பா, விமானத்துக்குக் குண்டு தூக்கி ஏற்றும் சுமைக்காரரிடம் வந்தது. பதினோரு நாளுக்கு முன், தண்ணீருக்கு வரிசையில் நின்ற அவர் மகள்மேல் எதிரியின் குண்டு விழுந்திருந்தது.

“எழுதுண்ணே,” என்றார் கிரேன்காரர். “உன் கையெழுத்தப் பாத்தே பாதிப் பேரு ஓடிருவானுங்க.”

சுமைக்காரர் சிரிக்கவில்லை. “இது எங்க விழும்?”

“நம்ம தண்ணி வரிசையில போட்டாங்கல்ல? பதிலுக்கு அவங்க வரிசையில.”

“விழட்டும்.”

மகள் பெயரைக் கோணல்மாணலாக எழுதினார். இந்த வயதில் அவருக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

மூன்றாம் நாள் மதியம் மனைவி சாப்பாட்டுத் தட்டை வைக்கவில்லை, செல்போனை வைத்தாள். அதில் எதிரி நாட்டுப் படம். உடைந்த குழாயடி, நசுங்கிய வாளிகள், ஒற்றைச் செருப்பு. நடுவே வளைந்த தகடு ஒன்று. அதில் அவர்கள் மகளின் பெயர்.

“உங்க கையெழுத்துதானேங்க இது?”

அவர் தலையசைத்தார்.

“அங்க சிப்பாய் யாராச்சும் நின்னானா?”

“இல்ல.”

“அவளக் கொன்னது அவங்க. செத்த புள்ளையக் கொலை பண்ணக் கூட்டிட்டுப் போனது நீங்க.” படத்தில் ஒரு வாளியைத் தொட்டாள். “நம்ம வாளி மாதிரியே இருக்குங்க.” செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் டப்பா மறுபடி வந்தது.

“இது எங்க?” என்று கேட்டார் சுமைக்காரர்.

“ரொட்டிக் கடை வரிசைன்னு பேச்சு,” என்றார் கிரேன்காரர்.

அவர் டப்பாவை இறுக மூடினார். “நான் தூக்க மாட்டேன்.”

“கிறுக்குப் புடிச்சிருச்சாண்ணே? உன் மகளுக்காகத்தானே போடுறாங்க!”

“துப்பாக்கி தூக்கி வர்றவனத் தடுக்கிறது சண்டை. வாளி தூக்கி நிக்கிறவளக் கொல்றது கொலை. அவன் முதல்ல செஞ்சான்னு நாம செஞ்சா, அது நியாயமாயிடாது. என் மக பேரச் சொல்லி இன்னொருத்தன் மகளக் கொல்லாதீங்கப்பா.”

கிரேன்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். வேறு நாலு பேர் வந்து குண்டைத் தூக்கினார்கள். அது பெயரில்லாமல் போயிற்று.