வேறு ஊர்க் குளிர்

கண்ணாடிக்கடை அக்காவின் பூனைக்கு, தார் உருகும் வெயில் அடித்த ஒரு மாதத்தில், காதும் மூக்கும் வாலும் கன்னங்கரேலென்று கறுத்தன. காரணம், அவள் தங்கை குடியேறியிருந்த ஊரில் அப்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது. சயாமீஸ் பூனை வளர்ப்பவர்களுக்குப் பாதி விஷயம் புதிதல்ல. அந்த ஜாதிக் குட்டிகள் பிறக்கும்போது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருக்கும். பிறகு உடம்பில் எங்கெல்லாம் சூடு குறைவோ, அங்கெல்லாம் நிறம் ஏறும். காது, மூக்கு, பாதம், வால். குளிர் அதிகமானால் கறுப்பும் அதிகம். மீதிப் பாதிதான் புதிது. அக்கா பூனையைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனபோது, மின்விசிறிக்கு அடியிலும் வேர்த்துக்கொண்டிருந்த அவர் பூனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சு வளர்க்கறீங்களா?" என்று கேட்டார்.

விடை சொன்னவர் பக்கத்துக் கடை முடிதிருத்துபவர். அவருடைய மச்சான் வேலை பார்த்ததும் தங்கை போன அதே ஊர்தான். "அக்கா, மச்சான் பேசினான். அங்க முழங்கால் வரைக்கும் பனியாம். உங்க தங்கச்சியையும் பஸ்ஸுல பார்த்தானாம், கம்பளிக்குள்ள மூக்கு மட்டும்தான் வெளிய தெரிஞ்சுதாம்" என்றார். அக்கா பூனையின் மூக்கைப் பார்த்தாள். அதற்கப்புறம் தெருவில் யாரும் அதைப் பற்றி வாதாடவில்லை. அந்த ஊரில் பிள்ளையோ மருமகனோ இருந்தவர்கள் காலையில் கடைவாசலில் நின்று பூனையைப் பார்த்துவிட்டு, "ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லணும்" என்று முனகிக்கொண்டே வேலைக்குப் போனார்கள்.

அம்மா இரண்டு பெண்களுக்கும் விட்டுப்போனவை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையும் ஒரு பூனை வம்சமும். வம்சம் பழைய மாதிரி. உருண்டை முகம், கட்டுமஸ்தான உடம்பு, நீலக் கண்ணில் லேசான மாறுகண், வால்நுனியில் சின்ன முடிச்சு. "கண்ணாடிக்கடையில மாறுகண் பூனை! இதைவிட விளம்பரம் வேணுமா?" என்று முடிதிருத்துபவர் சிரிப்பார். ஆனால் போட்டிகளில் அப்போது பரிசு வாங்கிய சயாமீஸ் எல்லாம் வேறு விதம். ஆப்பு மாதிரிக் கூரான முகம், வௌவால் காது, குச்சி உடம்பு. உருண்டை முகத்தைத் தேடி வருபவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். அம்மா அசரவில்லை. கடையில் கிடந்த பழைய வட்டக் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு பக்கத்தை ஒடித்து வைத்திருந்தாள். கண் திறந்து நடக்க ஆரம்பித்த குட்டியை மடியில் வைத்து அந்த வளையத்தை முகத்தின் மேல் பிடிப்பாள். கன்னம் வளையத்தை நிரப்பினால் அது வம்சத்துக்கு. ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால், நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டியதுதான், குட்டி போட விடக்கூடாது.

தங்கை அந்த வெளிச்சத்தைத்தான் உள்ளே விட்டாள். அம்மா போன மறுவருடம், அக்கா லென்ஸ் வாங்க வெளியூர் போயிருந்த சமயத்தில், பெட்டைப் பூனையைக் கோப்பை வாங்கிய ஒரு கூர்முகக் கடுவனிடம் கொண்டுபோய் விட்டாள். கடைக்கு நாலு பேர் வருவார்கள், வம்சத்துக்கும் புது மவுசு வரும் என்று அவள் நிஜமாகவே நம்பினாள். பிறந்த குட்டிகள் மேல் அக்கா வளையத்தைப் பிடித்தாள். எல்லாவற்றிலும் வெளிச்சம்.

"அம்மா இத்தனை வருஷம் கட்டிக் காப்பாத்தினதை ஒரே நாள்ல குட்டிச்சுவராக்கிட்டியேடி."

"உனக்குத் தங்கச்சி முகத்தைவிடப் பூனை முகம்தானே பெருசு?"

இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அக்கா அந்த நிமிஷத்தைக் குட்டிகளின் தாடையைப் பார்ப்பதில் செலவழித்துவிட்டாள். தங்கை ஒரு பெட்டியும், கூடையில் வம்சத்துக் கடுவனுமாகப் படியிறங்கினாள். கடல் தாண்டி, பருவங்களே தலைகீழாக இருக்கும் ஒரு ஊரில் போய்த்தான் நின்றாள்.

அதன் பிறகு அக்காவுக்குக் கடை, பூனை, கடை என்றே வருடங்கள் ஓடின. பல் மருத்துவர் ஒருவரிடம் பழைய மாதிரிக் கடுவன் இருப்பதைக் கண்டுபிடித்து, பெட்டையைத் துணி போர்த்திய கூடையில் பஸ் ஏற்றிக்கொண்டு போவாள், கூடவே உட்கார்ந்திருந்து கூட்டி வருவாள். சமையலறைத் தராசில் குட்டிகளை எடை போடுவாள். வளையம் நிரம்பாத ஒன்றையும் வம்சத்தில் சேர்க்கவில்லை. ஆனால் தினமும் கண் விழித்ததும் வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பூனையின் காதைப் பார்த்தாள். அது கறுத்திருந்தால், வியர்வை வழிந்தாலும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். "யாருக்கு அக்கா குளிருது?" என்று முடிதிருத்துபவரின் மனைவி தெரியாத மாதிரி கேட்பாள். "பூனைக்கு" என்று அக்கா சொல்வாள்.

எத்தனை வீட்டுக் கடுவன் இருந்தால்தான் என்ன, பல் மருத்துவரின் கடுவனுக்கு மகன், மகனுக்கு மகன் என்று எல்லாமே கடைசியில் ஒரே குடும்பம் ஆகிவிட்டது. குட்டிகள் குறைந்தன. ஒரு தடவை ஒன்றே ஒன்று பிறந்து, பால் குடிக்கத் தெரியாமல் அக்காவின் உள்ளங்கையிலேயே அடங்கிப்போனது. "சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டி ரத்தம் நீர்த்துப்போச்சும்மா. வெளியிலிருந்து ஒரு கடுவன் வந்தா உண்டு, இல்லேன்னா இந்தப் பெட்டையோட சரி" என்றார் கால்நடை மருத்துவர். வெளியில் உருண்டை முகம் ஒரே இடத்தில்தான் இருந்தது. தெருவுக்கே அது தெரியும். முடிதிருத்துபவர் மச்சானிடம் நம்பர் வாங்கி, தாளில் எழுதி, கண்ணாடிக்கடை மேஜையில் வைத்தார். அக்கா அதன் மேல் லென்ஸ் துடைக்கும் துணியைப் போட்டு மூடினாள். "போனவதானே முதல்ல பேசணும்" என்றாள்.

அந்த வருடம் அங்கே குளிர்காலம் தொடங்கியது. பூனை கறுத்தது. பிறகு, பனி உச்சத்தில் இருக்கவேண்டிய ஒரு காலையில், அது வெளுக்கத் தொடங்கியது. முதலில் காது பாலில் டீத்தூள் விழுந்த நிறத்துக்கு வந்தது. அப்புறம் மூக்கு. சாயங்காலத்துக்குள் வாலும் வெளுத்துவிட்டது. மருத்துவர் பூனைக்குச் சூடு பார்த்தார், இல்லை. "உடம்பு கொதிச்சாத்தான் இப்படி வெளுக்கும். இதுக்குக் காய்ச்சலே இல்லையே" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். துணியை விலக்கி நம்பரை எடுத்தாள்.

"யாரு?" என்றது ஒரு கரகரத்த குரல்.

"நான்தான். உனக்குக் காய்ச்சல் எத்தனை நாளா?"

அந்தப் பக்கம் எதையோ தட்டிவிட்டு எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அக்கா... உனக்கு எப்படித் தெரியும்?"

"பூனை வெளுத்துப்போச்சு. டாக்டரைப் பார்த்தியா? கஞ்சி வெச்சுக் குடிச்சியா, இல்ல வழக்கம்போல பட்டினியா?"

தங்கை அழுதாள், நடுவில் இருமினாள், இருமலுக்கு நடுவில் சிரித்தாள். அவளிடமிருந்த கடுவனும் அவன் பிள்ளைகளும் கொட்டுகிற பனியில் நின்றாலும் பால்வெள்ளையாகவே இருந்தார்களாம். இது சயாமீஸே இல்லை என்று அந்த ஊர்க்காரர்கள் சிரித்தார்களாம். அக்கா ஊரில் அடைமழை பிடிக்கும் மாதங்களில் மட்டும் காது லேசாகக் கறுக்குமாம். "மழையில நனைஞ்சுட்டு கடையத் திறக்கிறாளேன்னு திட்டிக்கிட்டே இருப்பேன்கா" என்றாள்.

"அத்தனை வருஷம் திட்டினவ ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம்ல?"

"நீ மட்டும்?"

காய்ச்சல் விட்டதும் தங்கை வந்தாள். கூடையில் பழைய கடுவனின் பேரன் இருந்தான். வாலில் முடிச்சு, கண்ணில் மாறுகண், வளையம் நிரம்பி வழியும் கன்னம். அக்கா முதலில் தங்கையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், பிறகுதான் கூடையைத் திறந்தாள். இதைத் தெருவில் பார்த்தவர்கள் பலர்.

குட்டிகள் கொழுகொழுவென்று பிறந்தன. முட்டி மோதிப் பால் குடித்தன. ஒவ்வொன்றின் கன்னமும் வளையத்தை நிரப்பியது. ஆனால் நிறம் ஏறவில்லை. வாரங்கள் போயின, காதில் ஒரு நிழல்கூட விழவில்லை. தாயும் தகப்பனும்கூட மெல்ல மெல்ல வெளுத்து, வெள்ளைப் பூனைகளாக ஜன்னலில் உட்கார்ந்திருந்தன. பூனைச் சங்கத்திலிருந்து வந்தவர், நல்ல மனிதர், அம்மா காலத்திலிருந்தே தெரிந்தவர், ஒவ்வொரு குட்டியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "முகம் உங்க அம்மா வம்சம்தான், சந்தேகமே இல்லை. ஆனா காது கறுக்காத சயாமீஸை நான் எப்படிம்மா பதிவு பண்றது?"

காரணம் இரண்டு பேருக்கும் தெரிந்தே இருந்தது. அவர் போன பிறகு தங்கை பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். "நான் கிளம்பறேன்கா. அடுத்த குளிருக்குள்ள எல்லாம் கறுத்துடும். அம்மா வம்சம் நிக்கும்."

அக்கா மடியில் ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. அவள் வாழ்நாளெல்லாம் காத்த காது அது. அதில் கறுப்பு ஏறவேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட அளவுக்கு வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை என்று தெரு நினைத்தது, அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவள் குட்டியைக் கீழே விட்டு எழுந்து, பெட்டியை வாங்கி மறுபடி பரணில் ஏற்றினாள்.

"வெள்ளையாவே இருக்கட்டும்."

"பேர் போயிடுமேக்கா?"

"போனா போகட்டும். போய் முகத்தைக் கழுவு, கடை திறக்கணும்."

பதிவில்லாத அந்தக் குட்டிகளில் ஒன்று முடிதிருத்துபவர் வீட்டுக்குப் போனது. தூர ஊரில் இருக்கும் தம்பியை, அந்த மச்சானை, நினைத்து அவர் மனைவி உருகும் வீடு அது. ஒரே வாரத்தில் குட்டியின் முகம் கரி பூசியதுபோல் ஆனது. மகளை வேறு ஊரில் கட்டிக்கொடுத்த பல் மருத்துவர் வீட்டில் பாதமும் வாலும் கறுத்தன. போன இடமெல்லாம் யாராவது ஒருவர் தூரத்தில் இருந்தார்கள், குட்டிகள் அந்தந்த ஊரின் குளிரைப் போட்டுக்கொண்டன. சங்கத்துக்காரர் அந்த வீடுகளுக்குப் போய் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தார், எதுவும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கடையில் இருக்கும் பூனைகள் மட்டும் இன்றும் வெள்ளை. தங்கை சாயங்காலம் காய்கறி வாங்கப் போய் மழையில் மாட்டிக்கொண்டால், அவற்றின் காதுநுனியில் லேசாகக் கறுப்பு படரும். அக்கா எழுந்து அடுப்பில் வெந்நீர் வைப்பாள். தங்கை ஈரக் குடையோடு படியேறி வருவதற்குள் நீர் கொதித்திருக்கும், காதும் வெளுத்திருக்கும்.