மேடேறிய இரண்டு துப்பாக்கிகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கட்டுரையாக இருக்க வேண்டியது. ராணுவத்துக்குக் கனமான துப்பாக்கி நல்லதா, எடை குறைந்த துப்பாக்கி நல்லதா என்று ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. இப்படித் தொடங்கினேன்:

'கனத் துப்பாக்கியின் தோட்டா பெரியது. தொலைவில் காற்றுக்கு அவ்வளவாக வளைந்து கொடுக்காது. ஆனால் சுடும்போது அதன் உதை...'

உதை என்று எழுதியதும், தோளைத் தேய்த்துக்கொண்டு ஒரு ராணுவக்காரி உள்ளே வந்துவிட்டாள். கைக்குழந்தைக்காரி. அவள் பின்னாலேயே, அவளை அண்ணி என்று கூப்பிடும் கணவனின் தங்கை. அவளும் அதே படைப்பிரிவு. கட்டுரை அத்தோடு போயிற்று.

2

பேறுகால விடுப்பு முடிந்து வந்த அண்ணியை ஆயுதக் கிடங்கில் உட்கார வைத்திருந்தார்கள். மலைப் படைக்குத் திரும்ப வேண்டுமானால் ஒரு தேர்வு உண்டு. இருவர் சேர்ந்து, கனமானது ஒன்றும் லேசானது ஒன்றுமாக இரண்டு துப்பாக்கிகளோடு மேடேற வேண்டும். உச்சியிலிருந்து, பக்கத்தில் நிற்கும் மூன்று இரும்புத் தகடுகளை லேசானதால் அடிக்க வேண்டும். பள்ளத்துக்கு அப்பால் நிற்கும் ஒன்றைக் கனமானதால். எல்லாம் மணி அடிப்பதற்குள்.

தோற்றால் கிடங்கேதான் கதி. ஜோடிக்கு யாரும் வராததால் நாத்தனாரையே கேட்கும்படி ஆயிற்று.

(நாத்தனாரைப் பொல்லாதவளாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை, அடித்துவிட்டேன். வாய்தான் கொஞ்சம் நீளம்.)

"எதுக்கு அண்ணி இந்த உலக்கைய எடுத்தீங்க? என்னோடதைப் பாருங்க, கைக்குழந்தை மாதிரி இருக்கு. எடை மிச்சமாகுதுல்ல, கூடுதலா தோட்டா தூக்கிக்கலாம்."

"நீ கைக்குழந்தைய ஒரு நாள் முழுக்கத் தூக்கிப் பாரு. அப்புறம் பேசு."

3

பாதி மேட்டிலேயே அண்ணிக்கு மூச்சு வாங்கியது. மாதக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்த கால்கள் பின்னிக்கொண்டன. துப்பாக்கி வார் கழுத்தை அறுத்தது. நாத்தனாரோ ஆட்டுக்குட்டி மாதிரி மேலே துள்ளிக்கொண்டிருந்தாள்.

'அண்ணி அங்கேயே மயங்கிச் சரிந்

(வேண்டாம். எழுதும்போதே அவள் என்னை முறைக்கிறாள்.)

அண்ணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். தோற்றுவிட்டோம் என்றே நினைத்தாள். நிமிர்ந்தால், ஏறிய மேட்டை நாத்தனார் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"கொடுங்க அதை."

"மாட்டேன். இது என்னோட தேர்வு."

"ரெண்டு பேரும் ரெண்டு துப்பாக்கியும் மேல போய்ச் சேரணும்னுதானே சொன்னாங்க? யாரு எதைத் தூக்கணும்னு சொல்லலியே! மாத்திக்கலாம் அண்ணி."

மாற்றிக்கொண்டார்கள். அண்ணிக்கு உடம்பே பாதியானது போல இருந்தது. பின்னால் நாத்தனாரின் குரல் கேட்டது: "அம்மாடி! இதை வச்சுக்கிட்டா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

4

உச்சியில் அண்ணி மண்டியிட்டாள். டக், டக், டக். மூன்று தகடுகளும் ஆடின. துப்பாக்கி தோளைத் தட்டிக் கொடுத்ததோடு சரி. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"தூரத்துது நீங்க அடிங்க அண்ணி."

"அதைத் தூக்கின தோளு இன்னும் வலிக்குது. நீயே படுத்துச் சுடு. தோளோட ஒட்டிப் பிடி, கொஞ்சம் இடம் விட்டாலும் உன்னை விடாது."

நாத்தனார் இடம் விட்டாள். அதுவும் விடவில்லை. "ஐயோ!" குண்டு தகட்டுக்கு முன்னால் மண்ணைக் கிளப்பியது. கீழே மணிக்கயிற்றில் ஒருவர் கை வைத்துவிட்டார்.

"மூச்சை விடு... இன்னும்... இப்போ."

வெடித்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு பள்ளத்தைத் தாண்டி, காற்றையும் தாண்டி ஒரு 'ணங்'.

துப்பாக்கிகளைக் கீழே வைத்துவிட்டு இருவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். "தோளு, தோளு! அங்க தொடாதீங்க அண்ணி!"

5

அதிகாரி மேலே வந்தார். "நீ தேறிட்டேம்மா. அடுத்த வாரம் மலைக்குக் கிளம்பு." அண்ணி வேகமாகத் தலையை ஆட்டினாள். அவர் விடவில்லை. "சரி, ரெண்டையும் தூக்கிப் பாத்துட்டீங்க. படைக்கு எதை வாங்கச் சொல்லட்டும்?"

"லேசானதுதான் சார்!" என்றாள் அண்ணி.

"கனமானதுதான் சார்!" என்றாள் நாத்தனார்.

"மேடேறணுமா வேண்டாமாடி?"

"ஏறினப்புறம் அடிக்கணுமா வேண்டாமா அண்ணி?"

அதிகாரி மெல்ல நழுவிவிட்டார்.

(இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில் அண்ணி ஜெயித்தாள், நாத்தனார் படித்துவிட்டுச் சிரித்தாள். இரண்டாவதில் நாத்தனார்... அதை அண்ணி கிழித்துவிட்டாள்.)

தோட்டா கழற்றிய துப்பாக்கிகள் புல்லில் கிடக்கின்றன. இடுப்பில் கை வைத்தபடி இருவரும் கத்திக் கத்திச் சிரிக்கிறார்கள். இப்போதைக்குக் கீழே இறங்குகிற உத்தேசம் யாருக்கும் இல்லை. நடுவில் புக எனக்குத் தைரியமும் இல்லை. தீர்ப்பு வேண்டுமென்றால் நீங்கள்தான் இந்த மேட்டில் ஏறி வர வேண்டும்.

வரும்போது எதைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள்?