கிழக்கு நோக்கி வைத்த பேட்டரி

1959ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 15ஆம் நாள், புதன்கிழமை. சித்திரைப் பிறப்புக்கு மறுநாள். வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. காலை ஏழு மணிக்கே வெயில் முதுகில் உறைத்தது.

உத்திரமேரூர் பேருந்து நிறுத்தத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்று எனக்கு எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வின் கடைசித் தாள். காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றில் பத்து மணிக்குக் கணக்குத் தேர்வு. கணவர் மறைந்த பின்னர் எழுத்துக் கூட்டத் தொடங்கி, பள்ளிக்குச் செல்லாமலே தனித் தேர்வராகத் தேர்வு எழுத வந்தவள் நான். பாலர் வகுப்பு ஆசிரியைப் பயிற்சிக்கு அந்தச் சான்று வேண்டும்; வயதும் முப்பதுக்குள் இருத்தல் வேண்டும். அவ்வாண்டு ஆவணியில் எனக்கு முப்பது நிறைவடைய இருந்தது. ஆகவே, இந்தத் தேர்வு தவறினால் அடுத்த தேர்வு என்பது எனக்கு இல்லை.

ஏழரை மணிப் பேருந்து வந்தது. உள்ளே ஒரு கல்யாணக் கூட்டமே இருந்தது. படியில் பந்தல்காரர்கள், கூரையின்மேல் அண்டாக்கள். வண்டி வேகத்தைக்கூடக் குறைக்காமல் போய்விட்டது. அடுத்த பேருந்து பத்து மணிக்குத்தான். நான் அழவில்லை, ஆனால் எத்திசையில் நடப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது ஒரு கறுப்பு ஆஸ்டின் கார் என் அருகில் வந்து நின்றது. அது திரு. ஜெகந்நாதன் அவர்களுடைய வண்டி. தாலுகா அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய மனைவியார் வரலக்ஷ்மி அம்மையார்தாம் மாதர் சங்கத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

"ஏம்மா சிட்டம்மா, இன்னிக்குப் பரீட்சைன்னு ஆத்துல சொன்னா! இங்க என்ன நிக்கறே?" என்று கேட்டார்.

"பஸ்ஸு நிக்காம பூட்ச்சி சாமி."

"நான் காஞ்சிபுரந்தான் போறேன். ஏறு, ஏறு. டேய் தாமோதரா, கதவைத் திற."

ஓட்டுநர் தாமோதரன் எங்கள் தெருக்காரர். எனக்கு அண்ணன் முறை. கதவைத் திறந்துவிட்டு, "காருல போயி பரிச்ச எய்துற மொத ஆளு நீதாம்மே" என்றார். அந்த ஒரு நொடியில் என் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

அந்த நிம்மதி நெடுநேரம் நீடிக்கவில்லை. ஊர் எல்லையைத் தாண்டி வேகம் பிடித்ததும், முன்பலகையில் மின்னோட்டத்தைக் காட்டும் முள், போகக் கூடாத பக்கத்தில் கடைசிவரை போய் ஒட்டிக்கொண்டது. தாமோதரன் அதை விரலால் தட்டினார்.

"இன்னாடா இது, பேஜாரா கீது" என்று முணுமுணுத்தார்.

காவாந்தண்டலத்திற்குப் பிரியும் சாலையை நெருங்கியபோது ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. வண்டி இருமுறை குலுங்கி நின்றது. பொத்தானை அழுத்தினால் 'டக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. மறுமுறை அழுத்தியபோது அந்த ஓசையும் வரவில்லை.

தாமோதரன் இறங்கி மூடியைத் தூக்கினார். உள்ளேயிருந்து மெல்லிய புகை வந்தது. பேட்டரியைக் கண்டதும் அவர் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் துலங்கின. இரு முனைகளிலும் மஞ்சள் அப்பியிருந்தது. சித்திரைப் பிறப்பன்று வண்டியின் பேட்டரியைக் கழற்றிப் பூஜையில் வைப்பது பெரியவர் வழக்கம்.

"சாமி, நேத்து பூஜை முடிஞ்சி இத்த யாரு மாட்னது?"

ஜெகந்நாதன் அவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாஷ்டா துன்னுட்டு வந்து நான் மாட்றேன்னு சொல்லிட்டுத்தான போனேன்?"

"நீ வர நாழியாச்சுடா. நான்தான் வெச்சேன்."

"திருப்பி வச்சிகிறீங்க."

"திருப்பின்னு சொல்லாதே. பூஜையில கிழக்குப் பாத்து இருந்தது. வண்டி ஷெட்ல மேற்குப் பாத்துன்னா நிக்கறது! வருஷப் பிறப்பும் அதுவுமா, பொட்டு வெச்ச மொகத்தை மேற்குப் பாத்து வெக்கலாமோ? அதான், கிழக்குப் பாத்தே இருக்கட்டும்னு அப்படியே எறக்கினேன். ஒரு வளையம் ஏறலை. சுத்தியால தட்டினேன், ஏறிடுத்து."

"நீங்க கெய்க்க பாத்து வச்சீங்க. கரண்டு மேக்கால பூட்ச்சி சாமி!"

என்னையும் அறியாமல் சிரித்துவிட்டேன். உடனே தேர்வு நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றது. தாமோதரன் எனக்கு விளக்கினார். பேட்டரி முனை மாறி மாட்டப்பட்டபடியால், மின்சாரம் உண்டாக்கும் டைனமோவும் பேட்டரியும் ஒன்றையொன்று எதிர்த்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே கதவுபோல் திறந்து மூடும் கட்-அவுட்டின் முனைகள் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டன. அதன் வழியே பேட்டரி வடிந்துவிட்டது.

"முன்னாடி ஹேண்டில் போட்டுச் சுத்திக் கிளப்பேன்டா" என்றார் ஜெகந்நாதன் அவர்கள்.

"ஹேண்டிலு, ஸ்பானரு, திருப்புளி அல்லாம் உங்க பூஜை ரூம்ல படுத்துக்கினு கீது. இன்னிக்குச் சாயங்காலம் கற்பூரம் காட்டினப்பாலதான் தொடணும்னு சொன்னது யாரு?"

பெரியவர் முகம் வாடிவிட்டது. என் பக்கம் திரும்பி, "அம்மா, நான் கெடுத்துட்டேனே" என்றார். அந்தச் சொல்லைக் கேட்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

சாலையோர வயலில் நவரைப் பட்டத்து நெல்லைப் பெண்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் உயரமான ஒருவர் வரப்பில் ஏறி வந்தார். அவர் பெயர் எல்லம்மாள் என்பதை மற்றவர்கள் கூப்பிட்டபோது அறிந்தேன்.

"இன்னாயா, வண்டிக்கு வவுத்து வலியா?"

"கிண்டலு அப்பால பண்ணிக்க. அந்த அருவாள இப்டி குடு" என்றார் தாமோதரன்.

"எதுக்கு? காரை அறுக்கவா? முனை போச்சின்னா உன் மூக்கை அறுத்துருவேன், பாத்துக்க."

அவ்வாறு சொல்லிக்கொண்டே கதிர் அரிவாளைக் கொடுத்தார். தாமோதரன் அதன் மரப்பிடியைக் கொடுத்து நெம்பி, இரு வளையங்களையும் பேட்டரியிலிருந்து கழற்றினார். சுத்தியலால் அடித்து ஏற்றிய வளையம் எளிதில் வரவில்லை. ஜெகந்நாதன் அவர்கள் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுபுறம் பிடித்து இழுத்தார். பிறகு தாமோதரன் கட்-அவுட்டின் மூடியைத் திறந்து, ஒட்டியிருந்த முனைகளுக்கு இடையே அரிவாளின் நுனியை நுழைத்து, நகத்தைச் சீவுவதுபோல் மெல்லப் பிரித்தார். டைனமோவின் கம்பியையும் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கினார். பேட்டரியைத் திருப்பி வைத்தார்கள். குங்குமப் பொட்டு மேற்கைப் பார்த்தது. பெரியவர் ஒரு கணம் கண்களை மூடிக்கொண்டார்.

"ஸ்டார்ட்டருக்குப் பத்தாது. ஆனா எஞ்சினுக்குப் பொறி குடுக்க மிச்சம் கீது. தள்ளிவுட்டா ஓடும். ஆரனு அடிக்கக் கூடாது. நடுவுல நிறுத்தவும் கூடாது" என்றார் தாமோதரன்.

எல்லம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எங்கம்மா போற இவங்களோட?"

"பரிச்ச எய்த. பத்து மணிக்கு."

"நீயா? இன்னா பரிச்ச?"

"எட்டாங்கிளாசு. கணக்கு."

அவர் வயலை நோக்கித் திரும்பி, இரு கைகளையும் வாயருகே குவித்துக் கூவினார்: "ஏய் ராணியம்மா! ஜெயம்மா! அருவாளப் போட்டுட்டு அல்லாரும் வாங்கடி! நம்மளாட்டம் ஒர்த்தி பரிச்ச எய்தப் போறாளாம், வண்டி நின்னுக்கினு கீது!"

ஏழெட்டுப் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தார்கள். நானும் இறங்கித் தள்ளப் போனேன். எல்லம்மாள் என் தோளைப் பிடித்து வண்டிக்குள்ளேயே அமர்த்தினார்.

"கை நடுங்கினா எப்டி எய்துவ? குந்து."

முதன்முறை தள்ளியபோது வண்டி இருமிவிட்டு நின்றது. "இதுக்குக் கஞ்சி ஊத்தினீங்களா இல்லியா சாமி?" என்றாள் ஒருத்தி. பெரியவரும் அவர்களோடு சேர்ந்து தோள் கொடுத்தார். "நீங்க வேற உய்ந்து வெக்காதீங்க" என்று அவரை அதட்டினார்கள். இரண்டாம் முறை எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. பின்னால் எழுந்த கூச்சலை இன்றும் என் காதில் கேட்கிறேன். ஜெகந்நாதன் அவர்கள் ஓடிவந்து ஓடும் வண்டியில் தொற்றி ஏறினார். நான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புழுதிக்கு நடுவில் அவர்கள் கைகளை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கேனும் நான் வாய் திறந்து நன்றி கூறவில்லை. கூற நேரமும் இருக்கவில்லை.

ஒலிப்பான் இல்லாத குறையை ஜெகந்நாதன் அவர்கள் தீர்த்து வைத்தார். மாட்டு வண்டியோ மிதிவண்டியோ எதிர்ப்பட்டபோதெல்லாம் இடுப்புவரை வெளியே நீட்டி, "நகருங்கோ! ஓரம் போங்கோ! பரீட்சை! பரீட்சை!" என்று கத்தினார். தம் வீட்டிலும் உரத்துப் பேசியறியாதவர் அவர். ஓரிக்கை அருகே ஓர் ஆட்டு மந்தை சாலையை அடைத்தது. நிறுத்தினால் வண்டி மறுபடி கிளம்பாது. தாமோதரன் எஞ்சினை உறுமவிட்டபடி ஊர்ந்தார்.

"பரீட்சைப்பா, பரீட்சை! விலக்கு!" என்று கெஞ்சினார் பெரியவர்.

"யாருக்கு சாமி, ஆட்டுக்கா?" என்றான் மேய்ப்பவன். ஆயினும் கோலை வீசி மந்தையைப் பிளந்து வழிவிட்டான்.

பத்தரை மணிக்கு மேல் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். பள்ளி வாயிலை அடைந்தபோது பத்தே கால் கடந்துவிட்டது. "ஓடும்மே!" என்றார் தாமோதரன். நான் ஓடினேன். மேற்பார்வையாளர் என் நுழைவுச் சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், என் காலிலிருந்த புழுதியைப் பார்த்தார். "உட்காருங்கள் அம்மா" என்று வினாத்தாளைத் தந்தார். அந்த மரியாதைச் சொல்லையும் நான் மறக்கவில்லை.

ஒரு வினாவைத் தவிர அனைத்துக்கும் விடை எழுதினேன். அக்கணக்குகள் சரியாகவே இருந்திருக்க வேண்டும். அவ்வாண்டு ஆவணி பிறக்குமுன் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டேன்.

அன்று தேர்வு முடிந்து மணி அடித்ததும் வெளியே வந்தேன். பெரியவரும் தாமோதரனும் தத்தம் வேலைக்குப் போயிருப்பார்கள் என்றே எண்ணினேன். ஆனால் வாயிலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் கார் நின்றது, எஞ்சின் அணைந்திருந்தது. தாமோதரன் எங்கிருந்தோ ஒரு ஸ்பானர் வாங்கி வந்து, மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஜெகந்நாதன் அவர்கள் எழுந்து என்னிடம் விரைந்து வந்தார். ஏதோ கேட்க வாயைத் திறந்தார். காற்று மட்டுமே வந்தது. கத்திக் கத்தி அவருடைய குரல் முழுவதும் போய்விட்டிருந்தது. விரலால் காற்றில் எழுதிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார்.

"எய்திட்டேன் சாமி. நல்லா எய்திட்டேன்" என்று சொல்லி, அந்தத் தெருவிலேயே அவர் காலில் விழுந்து வணங்கினேன். அவர் பதறிப்போய் என்னை எழுப்பி, பேச முடியாமல், தாமோதரனையும் நாங்கள் வந்த சாலையையும் மாறி மாறிச் சுட்டிக் காட்டினார்.

"தெரியும் சாமி. போவசொல்ல அங்க எறங்கி அல்லாருக்கும் சொல்லிட்டுத்தான் போவணும்" என்றேன்.

அப்போது பகல் மணி பன்னிரண்டு நாற்பது.