ஆறு மணிச் சாப்பாடு

ஜப்பானில் அசுகா என்ற ஊரின் பழைய கல்லறைகளைப் பார்க்கத்தான் மொரிகாசுவும் அவர் மனைவியும் விடுமுறை எடுத்தார்கள். ஆனால் வெந்நீர் ஊற்றுக்கு ஆசைப்பட்டு, மொரிகாசு தங்க இடம் பிடித்ததோ எங்கோ ஒரு மலையூரில். பஸ், ரயில், மறுபடி பஸ் என்று அசுகா வந்து சேரவே மத்தியானம் தாண்டிவிடும். ஒரு கல்லை நின்று பார்ப்பதற்குள் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். ஆறு மணிக்கு விடுதியில் சாப்பாடு. விடுதிக்காரம்மாவைக் காக்க வைப்பதைவிட உயிரை விடுவது மேல் அவருக்கு.

கடைசி நாள், பெரிய கல்லறையின் வாசலிலும் மணிக்கட்டைத் திருப்பினார். மனைவி சனாயேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிளம்பலாமா? அந்தம்மா என்ன நினைப்பாங்க?" என்றார் அவர்.

"இந்தக் கல்லு ஆயிரம் வருஷத்துக்கு மேல காத்துக் கிடக்குதே, அது என்ன நினைக்கும்? லேட்டாகும்னு ஒரு போன் போடுங்களேன், வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

அவர் மனசில்லாமல் போன் போட்டார். விடுதிக்காரம்மாவின் குரல் சனாயேவுக்கும் கேட்டது.

"தாராளமா மெதுவா வாங்க! ஆறு மணிக்கு மேல எப்ப வேணா சாப்பிடலாம். நீங்க அஞ்சரைக்கே வந்து உக்காந்துடுறதால, எங்க சமையல்காரர்தான் ஈடுகொடுக்க முடியாம திணறிட்டார். மன்னிச்சுக்கணும்."

மொரிகாசு போனைக் காதில் வைத்தபடியே குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்து மன்னிப்புக் கேட்டார். சனாயே காத்திருக்கவில்லை. தனக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குக் கடைசி ஆள் அவள்தான். காவலாளி கதவைச் சாத்தியபோது, வெளியே அவர் இன்னும் குனிந்துகொண்டிருந்தார்.