திரிபுரசுந்தரிக்கு ஒதுக்கிய சத்தம்

சிட்லபாக்கம் ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த திரிபுரசுந்தரி, ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து கணவரைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் தெரியாமல் போனாள். எங்கேயும் ஓடிப்போகவில்லை. வழக்கம்போல வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள், கீரைக்காரியிடம் பேரம் பேசினாள். குரல் கேட்டது, கோலமாவு தானாகத் தரையில் இறங்கியது, ஆள் மட்டும் தெரியவில்லை. கட்டிய புடவை அவளோடு சேர்ந்து மறைந்தது, கையில் எடுத்த பொருள் மறையவில்லை. அதனால் அவள் கடைக்குப் போகும்போது ஒரு பச்சை வயர் கூடை இடுப்பு உயரத்தில் தெருவோடு மிதந்து போகும். முதல் வாரம் நாய்கள் குரைத்தன, அப்புறம் அவையும் அலுத்துப்போய் விட்டுவிட்டன. பால் பாக்கெட் விலை ஏறியபோது தெருவில் எழுந்த கூச்சலில் பாதிகூட இதற்கு எழவில்லை. இத்தனைக்கும் காரணம் கணவர் சாம்பசிவன் அவள்மேல் வைத்திருந்த பிரியம். வேறு யாராவது செய்திருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருக்கலாம்.

சாம்பசிவன் வேலை பார்த்தது ரயில்வே தபாலில். தெற்கே போகும் ரயிலின் தபால் பெட்டியில் ஆடிக்கொண்டே நின்று, கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து, மரச்சட்டத்திலிருந்த சின்னச் சின்ன அறைகளில் எறிவதுதான் வேலை. செங்கல்பட்டுக் கடிதம் செங்கல்பட்டு அறைக்குள், விழுப்புரத்துக் கடிதம் விழுப்புரத்து அறைக்குள். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் பிரிக்க ஒன்றும் இல்லாமல் மனிதருக்குக் கை அரித்தது. அப்போதுதான் உலகத்துப் பெயர்கள் முழுக்கத் தப்பான அறையில் கிடக்கின்றன என்று கண்டுபிடித்தார். தாம்பரத்துக்கும் தாமரைக்கும் தாழ்ப்பாளுக்கும் என்ன உறவு, மூன்றும் எதற்கு ஒரே சத்தத்தில் ஆரம்பிக்க வேண்டும்? காக்காயும் குயிலும் ஒரே ஜாதிப் பறவை, பெயரைக் கேட்டால் அக்கம்பக்கத்தவர் மாதிரிகூட இல்லையே? வாயைத் திறக்கும்போதே பொருள் எந்த இனம் என்று தெரிகிற பாஷை ஒன்றைத் தானே செய்துவிடுவது என்று உட்கார்ந்தார். சேலையூரில் ஆசாரியிடம் சொல்லி, தபால் பெட்டியில் இருந்த மாதிரியே ஒரு மரச்சட்டம் செய்து கூடத்தில் நிறுத்தினார். அறைக்கு ஒரு சத்தம். உயிருள்ளதற்கு உதட்டில் பிறக்கும் சத்தம், மனிதன் செய்ததற்குப் பல்லில் பிறக்கும் சத்தம், பசி, பயம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன்ற பிடிபடாத விஷயங்களுக்குத் தொண்டைச் சத்தம். நாற்காலி தெமிகோ, ஸ்டூல் தெமிகி, கட்டில் தெமிலு. காதில் விழும்போதே மூன்றும் பங்காளிகள் என்று தெரிந்துவிடும். உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு எந்தச் சத்தத்துக்கு ஆடுகிறது என்று பார்ப்பார், கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துத் தொண்டைக்குள் எட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டு ஷம்சாத் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, சாருக்கு தொண்டைல ஏதாவது ப்ராப்ளமா? டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்” என்றாள்.

பெயர் சரியாகப் பொருந்தியதும் பொருள் பழைய பெயரை உதறிவிட்டது. புதுப் பெயரைச் சொல்லாதவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. ஒரு தடவை வாயால் சொன்னால் போதும், தூங்கி எழும்வரை தெரியும், மறுநாள் மறுபடி சொல்ல வேண்டும். முதலில் போனது நாற்காலி. வீட்டு வேலைக்கு வரும் கிளியம்மாள் அதில் முட்டிக்கொண்டு, “இன்னா சார் இது, வூட்ல ஒண்ணுமே இல்லாத கீது, கால்ல மட்டும் இடிக்குது!” என்று கத்தினாள். பிறகு அவளே நாலைந்து பெயரைக் கற்றுக்கொண்டு, முணுமுணுத்தபடி பெருக்கிவிட்டுப் போனாள். திரிபுரசுந்தரி தினமும் காலையில் குக்கர், கரண்டி, பில்டர் எல்லாவற்றையும் புதுப் பாஷையில் கூப்பிட்டுக்கொண்டேதான் சமையலறைக்குள் நுழைவாள். தலையில் அடித்துக்கொண்டாள், ஆனாலும் சொன்னாள். குடும்பம் என்று வந்தபின் இதையும் ஒரு வேலையாகச் செய்துவிட வேண்டியதுதான் என்று இருந்தாள்.

அப்புறம் மனைவிக்குப் பெயர் வைக்கும் முறை வந்தது. யார் கேட்டார்கள்? அவள் கேட்கவில்லை. ஆனால் பிரிக்க உட்கார்ந்தவருக்கு ஒரு கடிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? கணக்குப்படி அவள் உதட்டுச் சத்தத்தில் சேர வேண்டியவள், உயிருள்ள ஜாதி, காக்காய்க்கு இரண்டு அறை தள்ளி. சாம்பசிவனுக்கு மனசு வரவில்லை. எந்த ரயிலில் எந்த நேரத்துக்கு வந்து இறங்கினாலும் கதவைத் திறந்தவளைக் காக்காய்க்குப் பக்கத்தில் போடுவதா? அவளுக்கென்று தனியாக ஓர் அறை, அந்த அறைக்கு உலகத்தில் எந்த வாயும் போடாத ஒரு சத்தம் என்று முடிவு செய்தார். அதைத் தேடி வருஷங்கள் போயின. ஒன்று பல்லி கத்துவது போல இருந்தது, இன்னொன்று ஆட்டோ ஹாரன் போல, நன்றாக வந்த ஒன்று பக்கத்துத் தெரு குக்கர் விசிலோடு ஒத்துப்போனது. எல்லாவற்றையும் தள்ளினார்.

இதற்கு நடுவே ஒரே மகள் மிருதுளா வேலை கிடைத்துக் கனடாவுக்குப் போனாள். மீனம்பாக்கத்தில் ஏற்றிவிட்டு வந்த சாம்பசிவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார். மாடியிலிருந்த தொட்டி காலியாகும்வரை தண்ணீர் ஓடியது. வெளியே நின்ற திரிபுரசுந்தரி, “என்னங்க, தண்ணி பூரா போகுது, உள்ள என்ன பண்றீங்க?” என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்தவர் நேரே போய் மரச்சட்டத்தின் முன் உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலை, அதுதான் அந்த வெள்ளிக்கிழமை, அவர் அவளைப் புதுப் பெயரால் கூப்பிட்டார். மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுக்கும் சத்தம், பாதி வழியில் தடுக்கி இரண்டாக உடையும். கேட்டதும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

உண்மையைச் சொன்னால் முதல் சில நாள் அவளுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அவளை அப்படிப் பார்த்ததில்லை, புதுசாக வாங்கி வந்த விளக்கைப் பார்ப்பதுபோல. அப்புறம்தான் கண்ணாடியில் தான் தெரியவில்லை என்று கவனித்தாள். அவளுக்கே அந்தச் சத்தம் வரவில்லை. எவ்வளவோ முயன்றாள், இருமல்தான் வந்தது. அதற்குப்பின் பொட்டை உத்தேசமாகத்தான் வைத்துக்கொண்டாள். அவரைப் பிடித்து உலுக்கினாள், “பழைய பேரையே திருப்பிக் குடுங்க, எனக்கு இந்த மரியாதையெல்லாம் வேணாம்” என்று கத்தினாள். சாம்பசிவன் திரிபுரசுந்தரி, திரிபுரசுந்தரி என்று நூறு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அந்தப் பெயர் அவள்மேல் ஒட்டவில்லை, வழுக்கி விழுந்தது. ஷம்சாத்துக்கும் கிளியம்மாளுக்கும் புதுச் சத்தத்தைக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார். ஒருத்திக்கு விக்கல் எடுத்தது, இன்னொருத்தி சிரித்துவிட்டாள். கல்யாண மண்டபத்துக்குப் போனால் யாராவது ஒரு மாமா வந்து அவள் மடியிலேயே உட்கார்ந்தார். பந்தியில் அவளுக்கு இலை போடாமல் தாண்டிப் போனார்கள். பேசுகிறவர்கள் குரல் வந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துப் பேசினார்கள், முகத்தைப் பார்த்து யாரும் பேசவில்லை. மெல்ல மெல்ல அவள் போவதை நிறுத்தினாள், அவர்களும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள்.

மிருதுளா வீடியோ காலில், “அம்மா, கேமராவ உன் பக்கம் திருப்பும்மா, சுவர்தான் தெரியுது” என்பாள். திருப்பித்தான் இருக்கிறது என்று சொல்லத் திரிபுரசுந்தரிக்கு நா எழாது. ஒரு டிசம்பரில் நேரில் வந்த மகள், காலியாக இருந்த சமையலறையைப் பார்த்துக்கொண்டு அம்மாவின் குரலைக் கேட்டபோது, அப்பா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூச்சை எப்படி இழுக்க வேண்டும், எங்கே உடைய வேண்டும் என்று ஆசையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். மிருதுளா பாதியில் எழுந்துவிட்டாள். “அம்மான்னு கூப்பிட்டா போதாதாப்பா?” என்று கேட்டாள். டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிக்கொண்டு போனாள். அதற்குப்பின் அப்பா போனை எடுத்தால் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

அப்படியாக இந்த உலகத்தில் திரிபுரசுந்தரி வாழ்ந்தது ஒரே ஒரு மனிதரின் கண்ணில். சாம்பசிவன் தினமும் எழுந்ததும் அவள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார். சண்டை போட்ட மறுநாளும் சொன்னார். அவள் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும், திருப்பிக்கொண்டதைப் பார்க்க அவர் ஒருவர்தானே உண்டு, அதனால் கோபம் நீடிக்காது. கடைசி மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டார்கள். காலையில் கண் விழித்தவரால் அந்தச் சத்தத்தை இழுக்க முடியவில்லை. கண் அறை முழுக்க அலைந்தது. “இங்கதாங்க இருக்கேன், பக்கத்துலதான்” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவர் கையை அழுத்தினார், குரல் வந்த பக்கம் பார்த்தார். ஆனால் பார்வை அவளைத் தாண்டி, ஒரு முழம் தள்ளி, ஜன்னலில் நின்றது. அப்படியே போய்விட்டார். பாவி மனிதர், கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று அவள் கேட்டது நர்ஸுக்கு மட்டும்தான் கேட்டது.

துக்கத்துக்கு வந்தவர்கள் காலி பெஞ்சியைப் பார்த்து ஆறுதல் சொன்னார்கள். சிலர் அழவும் அழுதார்கள். மரியாதைக்கு அழுகிற அழுகை, முந்தானையில் ஒற்றி எடுத்ததும் நின்றுவிடும். எல்லோரும் போன மத்தியானம், மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்த நேரத்தில், திரிபுரசுந்தரி பீரோ முன் தரையில் உட்கார்ந்து அழுதாள். குரல் போகும்வரை, கண்ணீர் தீரும்வரை அழுதாள். அழுது ஓய்ந்தபின் நெஞ்சுக்குள் ஒரு மூச்சு தானாக இழுபட்டு, பாதி வழியில் தடுக்கி, இரண்டாக உடைந்தது. நிமிர்ந்தால் பீரோ கண்ணாடியில் தலை நரைத்த, பொட்டு கோணலாக இருந்த ஒருத்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்குக் குழாயும் காலியான தொட்டியும் ஞாபகத்துக்கு வந்தன. உலகத்தில் எந்த வாயும் போடாத சத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டது, குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு அழுதபோது அவருடைய தொண்டையிலிருந்தே வந்தது. அதற்குமுன் அவர் அப்படி அழுததே இல்லை, அதனால் புதுசு என்று நம்பிவிட்டார்.

மிருதுளா வந்தாள். கண் காய்ந்திருந்தது. அம்மாவின் குரல் வந்த பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, காரியத்துக்கு யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பேசினாள். அழுதால் மகளுக்குத் தன்னைத் தெரியும் என்று திரிபுரசுந்தரிக்குத் தெரியும். சொல்லத் துடித்தாள், சொல்லவில்லை. பெற்ற பிள்ளையை அழு என்று எந்தத் தாய் சொல்வாள்? காரியமெல்லாம் முடிந்து, மிருதுளா கூடத்தைக் கூட்டிக்கொண்டு வந்தபோது துடைப்பம் எதிலோ இடித்தது. இந்தத் தடவை வந்ததிலிருந்து அதன் பெயரை அவள் சொல்லியிருக்கவில்லை. கையால் தடவிப் பார்த்தாள், பிறகு சின்னப் பிள்ளை மாதிரி மெதுவாக, “தெமிகோ” என்றாள். நாற்காலி வந்தது. பிரம்பு நடுவில் சாம்பசிவன் உட்கார்ந்த அளவுக்குக் குழிந்திருந்தது. மிருதுளா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள், குழாயைத் திறந்துவிட்டாள். கதவுக்கு வெளியே நின்ற திரிபுரசுந்தரிக்கு, தண்ணி போகுதுடி என்பது பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். தண்ணீர் ஓடியது, தொட்டி காலியானது, குழாய் இருமி நின்றது. கதவைத் திறந்த மகள் நேராக அவள் முகத்தைப் பார்த்தாள்.

“ஏம்மா இப்படி எளைச்சுப் போயிட்ட?” என்றாள்.

அடுத்த சில நாள் மிருதுளாவுக்கு அழக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை, காலையில் அம்மா தெரிந்தாள். அம்மாவுக்குப் பொட்டை நேராக வைத்துவிட்டாள், தலை பின்னிவிட்டாள். அப்புறம் ஒரு காலையில் நன்றாகத் தூங்கி எழுந்து அம்மாவைத் தேடினாள். பிள்ளைக்கு மனசு ஆறிவிட்டது என்று திரிபுரசுந்தரிக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியோடு சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். மகளை ஏற்றிவிடப் போனபோது, விமான நிலைய வாசலில், தள்ளுவண்டியோடு திரும்பிப் பார்த்த மிருதுளாவுக்கு இன்னொரு தடவை தெரிந்தாள்.

இப்போது தெருவில் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. ஷம்சாத் தன் தம்பி மொஹ்சினை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், கதவைத் தட்டி, “அக்கா, தலை பூரா நரைச்சிடுச்சே” என்றாள். கிளியம்மாளுக்கு எப்போதாவது தெரியும், அன்றைக்கு அவள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கொஞ்சம் பலமாக இருக்கும். முன்பின் தெரியாதவர்கள்கூட ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்துவிட்டு வரும் வழியில், வெறும் கூடைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நடந்து போவதைப் பார்த்துக் கூடவே வந்துவிடுகிறார்கள். தெருவில் போகிறவர் ஆயிரம் பேர் என்றால் அவளை முகம் பார்த்துப் பேசுகிறவர் மாதத்துக்கு ஒருவரோ இருவரோ. ஆள் வந்ததில் அவளுக்குச் சந்தோஷம், அழுதுவிட்டு வந்திருக்கிறார்களே என்று வருத்தம், இரண்டும் சேர்ந்தே வரும். என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. உள்ளே கூப்பிட்டு, நாற்காலியின் பெயரைச் சொல்லிக்கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பாலை அடுப்பில் வைக்கிறாள்.