புள்ளிகள் உடுத்திய துக்கத் துணி

பச்சோந்தி ஒன்றைக் காட்டு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல அழைத்தார்களாம். அது உண்மையைத்தான் சொன்னது. ஆனால் இலைமேல் நின்று சொன்னபோது பச்சையாகவும், மண்மேல் நின்று சொன்னபோது சிவப்பாகவும் இருந்ததால், நீதிபதியாகிய ஆமை, "முதல்ல ஒரு நிறத்துல நில்லு, அப்புறம் உண்மையப் பாப்போம்" என்று வழக்கை ஒத்திவைத்துவிட்டதாம். கானா நாட்டின் குமாசி நகரில், கோக்கோ விளைச்சலைக் கணிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்த ஃபிரேமாவுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுதான்.

மழைக்கு முன்பு எந்தத் தோட்டங்களுக்குப் புதிய நாற்றுகள் தருவது என்று விவசாயிகள் சங்கம் முடிவு செய்யவேண்டியிருந்தது. நன்றாகக் காய்க்கும் என்று கணிக்கப்பட்ட தோட்டத்துக்கு நாற்று கிடையாது. அந்தக் கணிப்பை உருவாக்கியவர் அலுவலகத் தலைவர் டாக்டர் ஒபிரி. அவருடைய கணக்கோ, மரங்களுக்கும் முதுமை வரும் என்பதைக் கேள்விப்பட்டதே இல்லை. பட்டுப்போகும் நிலையில் நின்ற கிழட்டு மரங்களும் காய்த்துத் தள்ளும் என்று அடித்துச் சொன்னது. அத்தகைய தோட்டங்களில் ஒன்று ஃபிரேமாவின் அம்மாவுடையது. அங்கிருந்து அணில்களே வேறு தோட்டம் தேடிக் கிளம்பிவிட்டன.

ஆகவே ஃபிரேமா ஒரு பிழைப்படம் வரைந்தாள். தோட்டத்துக்கு ஒரு புள்ளி. கணிப்பு பலித்திருந்தால் புள்ளி நடுக்கோட்டின் மேலேயே அமரும். சொன்னதைவிட அதிகம் விளைந்தால் கோட்டுக்கு மேலே ஏறும். குறைந்தால் கீழே விழும். இளமரத் தோட்டங்கள் கோட்டை ஒட்டிச் சமர்த்தாக இருந்தன. கிழமரத் தோட்டங்கள் அனைத்தும் கீழே, கள் குடித்தவர்கள் சாக்கடையில் கிடப்பதுபோலக் கிடந்தன.

சங்கத்தில் காட்டலாமா என்று கேட்டதும், "தாராளமா காட்டும்மா," என்றார் ஒபிரி. "புள்ளி போட்ட துணியப் பாத்தா யாருக்கும் தைக்கத்தான் தோணும், யோசிக்கத் தோணாது."

சங்கத் தலைவர் நானா அபியாஜி ஊர்த்தலைவரும் ஆவார். அவரிடம் எவரும் நேராகப் பேசுவதில்லை. ஒச்சியாமே என்று அழைக்கப்படும் அவருடைய வாய்மொழியாளர் டான்சோ என்னும் பெரியவர், பொன்முலாம் பூசிய கோலுடன் பக்கத்தில் நிற்பார். சொல்லவேண்டியதை அவரிடம் சொன்னால், அவர் அதற்கு நல்ல துணி உடுத்தி, எண்ணெய் தடவி, நானாவிடம் சேர்ப்பார்.

முதல் கூட்டத்தன்று நானா, பேத்திக்குப் பெயர் சூட்டிய கையோடு, தூய வெள்ளைத் துணியில் வந்தார். தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் விசாரித்து முடிந்ததும், ஃபிரேமா சுவரில் தன் படத்தை விரித்தாள். கிழமரங்களுக்குச் சிவப்பு, இளமரங்களுக்குக் கறுப்பு. கணினி தானாகக் கொடுத்த நிறங்கள். அதன் சின்னத் திரையில் அவை வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. கட்டில் விரிப்பு அளவுக்குப் பெரிதாகிச் சுவரில் தொங்கியபோது, முன்வரிசைக்காரர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஒச்சியாமே கோலைத் தாழ்த்தினார். "நானா கேக்கறாரு... எந்த வீட்டுல சாவு?"

"சாவு இல்லீங்க ஐயா. இது கோக்கோ."

"கோக்கோ செத்துப்போச்சா?"

பின்வரிசையிலிருந்த ஓர் அம்மையார், எதற்கும் இருக்கட்டும் என்று விசும்பத் தொடங்கிவிட்டார். நல்ல காரியத்துக்கு உடுத்திய வெள்ளையோடு, அந்த ஊரில் துக்க நிறங்களான சிவப்பு கறுப்பின் எதிரில் உட்காரலாகாது என்று நானா எழுந்துவிட்டார். கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிற்று. ஒபிரி மட்டும் படத்தின் முன் நின்று, இறந்தவருக்கு மரியாதை செலுத்துவதுபோலத் தலைகுனிந்துவிட்டுப் போனார்.

"வேற நிறம் சொல்லு, பாடு," என்றாள் ஃபிரேமா, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரனான பாடுவிடம்.

"தேர்தல் வருஷம் அக்கா. நீலம் போட்டா அந்தக் கட்சிக்காரன்னு அடிப்பாங்க. பச்சையும் சிவப்பும் சேத்தா இந்தக் கட்சிக்காரன்னு அடிப்பாங்க."

"மஞ்சள்?"

"வெயில்ல தெரியாது. பேசாம நிறமே இல்லாம அச்சடிச்சிடு. எவனும் அடிக்க மாட்டான், எவனுக்கும் புரியாது. நம்ம ஆபீஸ் வழக்கமும் அதுதானே."

யோசித்து யோசித்து, கடைசியில் தோட்டத்திடமே நிறத்தைக் கடன் வாங்கினாள். இளமரத்துக்கு இலைப்பச்சை, கிழமரத்துக்குப் பட்டையின் பழுப்பு. எந்தக் கட்சிக்கும் பழுப்பில்லை. எந்தச் சாவுக்கும் பச்சையில்லை.

அடுத்த கூட்டத்தில் யாரும் அழவில்லை. ஃபிரேமா விளக்கிச் சொன்னாள்: "பச்சைப் புள்ளியெல்லாம் கோட்டுகிட்ட இருக்கு ஐயா. பழுப்பெல்லாம் கீழ கிடக்கு. அதைப் பாக்கச் சொல்லுங்க."

ஒச்சியாமே படத்தின் அருகே சென்றார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு நானாவிடம் திரும்பினார்.

"நானா, எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைங்க. ரெண்டு மேல விளையாடுது, நாலு கீழ விளையாடுது. குத்தம் ஒண்ணும் தெரியல."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் ஒபிரி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு.

நானா தலையசைத்தார். சாப்பிட்டு வந்ததும் முடிவைச் சொல்வதாக அறிவிக்கப்பட்டது. ஒச்சியாமே சொன்னதை மறுத்து இன்னொருவர் பேசுவது அந்த அவையில் நடவாத காரியம். ஃபிரேமா பல்லைக் கடித்துக்கொண்டு பந்திக்குப் போனாள்.

கென்கே என்னும் சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் வந்தன. தொட்டுக்கொள்ள இரண்டு கிண்ணங்களில் அரைத்த மிளகாய்: ஒன்று பச்சை, மற்றொன்று பழுப்பு. எதிரே அமர்ந்த ஒச்சியாமே இரண்டையும் கண்ணால் தொடவே இல்லை. முதல் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் வைத்தார். இரண்டாவதையும் முகர்ந்தார். பிறகுதான் முதலாவதில் கென்கேயைத் தோய்த்தார்.

ஃபிரேமாவின் கையிலிருந்த மீன் தட்டிலேயே விழுந்தது. பச்சையும் பழுப்பும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்று அவர் சொன்னது பொய்யும் அல்ல, லஞ்சமும் அல்ல; பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

அதைச் சபையில் போட்டு உடைத்திருந்தால் அவள் அப்போதே வென்றிருப்பாள்; ஆனால் அந்தப் பெரிய மனிதர் வெட்கத்தில் தன் கோலை மறுபடி தூக்கியிருக்கமாட்டார். ஃபிரேமா தட்டை அப்படியே வைத்துவிட்டு, தடித்த எழுதுகோலுடன் கூடத்துக்கு ஓடினாள். பழுப்புப் புள்ளி ஒவ்வொன்றின்மேலும் பெருக்கல் குறி போட்டாள். கீழே மொய்த்துக் கிடந்தவற்றின் அருகிலேயே "கிழமரம்" என்று எழுதினாள். கோட்டோரக் கூட்டத்தின் அருகில் "இளமரம்". ஓரத்தில் ஒபிரிக்குப் பிரியமான "தரப்படுத்திய எச்சம்" என்னும் புள்ளியியல் பெயரை அடித்துவிட்டு, மேலே "சொன்னதைவிட அதிகம்", கீழே "சொன்னதைவிடக் குறைவு" என்றாள். தலைப்பு இடம் மிச்சமிருந்தது. அங்கே பெரிதாக ஒரே வாக்கியம்.

அவை கூடியது. ஒச்சியாமே மறுபடியும் படத்தைப் பார்த்தார். இம்முறை அவர் பார்வை எங்கும் அலையவில்லை. கோலை நிமிர்த்தி, கூடம் அதிரத் தலைப்பை வாசித்தார்.

"கிழமரத் தோட்டங்களுக்கு இந்தக் கணிப்பு பொய் சொல்கிறது."

ஒபிரி துள்ளி எழுந்தார். "நானா, அது வெறும் தலைப்பு, அதுக்கு..."

"ஒச்சியாமே பேசறப்ப ஊடால பேசறது எந்த ஊர் வழக்கம், டாக்டர்?" என்றார் நானா, வாழ்வில் முதல்முறையாக ஒருவரிடம் நேராகவே.

ஒச்சியாமே தொடர்ந்தார். சொல்லுக்குத் துணி உடுத்தாமல் விட அவர் தொழில் இடம் கொடாது. "கேளுங்க நானா. பல்லு போன தாத்தா கரும்பு கடிப்பாருன்னு ஒருத்தர் சத்தியம் பண்ணியிருக்காரு. பெருக்கல் குறி போட்டதெல்லாம் அந்தத் தாத்தாதான். அத்தனை பேரும் கோட்டுக்குக் கீழ படுத்துக் கிடக்காங்க."

சிரிப்பில் கூடம் குலுங்கியது. போன வாரம் விசும்பிய அம்மையார்தான் அதிகம் சிரித்தார். நாற்றுகள் கிழமரத் தோட்டங்களுக்கு என்று முடிவாயிற்று.

கலைந்து போகையில் ஒச்சியாமே ஃபிரேமாவின் பக்கத்தில் சற்றே நின்றார். "அந்தக் குறியெல்லாம் யாருக்காகம்மா போட்ட?"

"கண்ணாடியை மறந்துட்டு வர்றவங்களுக்குங்க ஐயா."

"நான் கண்ணாடி போடறதே இல்லையே."

"அப்ப உங்களுக்கு இல்லைங்க ஐயா."

அவர் கோலால் அவள் செருப்பை மெல்லத் தட்டிவிட்டு நடந்தார்.

சனிக்கிழமை, யாரோ உறவினர் சாவுக்காகச் சிவப்பும் கறுப்பும் உடுத்தி டாக்டர் ஒபிரி தெருவில் போனார். பாடு ஃபிரேமாவைத் தொட்டுக் காட்டினான்.

"பாவம் அக்கா. கணிப்புக்கு இன்னிக்குத்தான் அடக்கம் போல."